கராம்பு போட்டுக் காய்ச்சிய எண்ணெய்

எங்கும் எழுதி ஒட்டப்படாமலும், எவர் வாயாலும் ஒருமுறைகூடச் சொல்லப்படாமலும், அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், ஒரு விதி நிலைபெற்றிருந்தது: ஆண்பிள்ளை பெண்ணுக்கு எண்ணெய் தேய்ப்பதில்லை. எண்ணெய் என்பது பெண்களின் கையிலிருந்து புறப்படும் பொருள். பிறந்த குழந்தையின் முதுகில் அதை வழிப்பது தாயின் கை. தீபாவளி விடியலில் மகன்மாரின் உச்சந்தலையில் அறைந்து தேய்ப்பதும், சனிக்கிழமைகளில் கணவனின் தோள்பட்டையைப் பிசைவதும் அதே கைதான். பிள்ளை பெற்றுப் படுத்தவளுக்கு இடுப்பு நீவ இன்னொரு பெண் வருவாள். ஆண் செய்ய வேண்டியதெல்லாம் தலையைக் குனிந்து கொடுப்பது மட்டுமே. ஏன் என்று கேட்டவர் இல்லை. மீறியவரும் இல்லாததால், மீறினால் என்ன நடக்கும் என்பதும் எவருக்கும் தெரியாது.

சுபாஸ் இந்த விதியை அறிந்து கடைப்பிடித்தவன் அல்லன். மூச்சு விடுவதைப்போலக் கவனிக்காமலே கடைப்பிடித்தவன். தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் தேயிலை ஸ்டோரில், வாடிய கொழுந்தை நசுக்கும் ரோதைகளுக்குப் பக்கத்தில் அவனுக்கு இரவு வேலை. பகலில் தூங்குவான். மாலையில், வேலைக்குப் போகுமுன், வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பான். அந்தக் குழுவின் நடுவில், வில்லுக்கு முன்னால், அதன் நாணை அடிக்கும் வீசுகோலோடு உட்கார்ந்திருந்தவள் அவனுடைய மனைவி விஜயலெட்சுமி.

பெண்ணொருத்தி வில்லின் முன் உட்காருவது அந்தப் பக்கத்துக்குப் புதிது. நெடுங்காலம் தலைமைப் பாட்டுப் பாடிய முருகையா வயதினால் தொண்டை கம்மி உடுக்கைக்கு மாறியிருந்தார். தோட்டப் பாடசாலையின் அதிபரும் குழுவுக்குப் பொறுப்பாளருமான இரகுநாதன், விஜயலெட்சுமி தானே கட்டிய கதையை ஒரு மாலை முழுவதும் கேட்டுவிட்டு, "இதைக் கட்டினவதான் பாடவும் வேணும்" என்று தமது யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒரே வாக்கியமாக முடித்துவிட்டார். அன்றிலிருந்து முருகையா உடுக்கையைச் சற்று ஓங்கியே அடித்தார்.

கதை இதுதான். ஒரு கங்காணியின் கைக்கடிகாரம் திடீரென்று வேகமாக ஓடத் தொடங்குகிறது. அதை நம்பி அவர் நட்சத்திரம் மறையுமுன்னே, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடுகிறார். லயமே இருட்டில் மலையேறி, கையில் அகப்பட்டதையெல்லாம் கொழுந்தென்று கிள்ளிக் கூடையில் போடுகிறது. விடிந்து பார்த்தால், கூடைக்குள் மானாப்புல்லும் குருவிக்கூடும் கங்காணியின் தலைப்பாகையும் கிடக்கின்றன. விஜயலெட்சுமி அந்தக் கங்காணியாகக் குரலை மாற்றிக் கூவும்போது, லயத்துப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். மாகாணப் போட்டி பண்டாரவளையில் நடக்கவிருந்தது. கங்காணியின் அந்தக் கூவலுக்கு வாய் முழுவதுமாகத் திறக்க வேண்டும்.

அந்த வாய்தான் திறக்க மறுத்தது.

வலப்பக்கக் கடைவாயின் கடைசியில், பாதி முளைத்தும் பாதி முளைக்காமலும் ஒரு பல் பல வருடங்களாகப் படுத்துக் கிடந்தது. போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கையில் அது விழித்துக்கொண்டது. கன்னம் வீங்கியது. ஒத்திகையின் நடுவே அவள் வீசுகோலைக் கீழே போட்டுவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பல்லோடை மேடைக்குப் போகேலாது. பதுளைக்குப் போய்க் காட்டுங்கோ" என்றார் அதிபர்.

பதுளை ஆஸ்பத்திரியில் பல் மருத்துவர் சரோஜாதேவி, சிரித்த முகமும் சிறிய கைகளும் உடைய நடுவயதுப் பெண். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"இது ஞானப்பல். பக்கத்துப் பல்லிலை தலையைச் சாய்ச்சுக்கொண்டு சொகுசாப் படுத்திருக்குது. எடுக்கத்தான் வேணும்."

"ஞானம் போயிருமாங்க?" என்று விஜயலெட்சுமி பாதி மூடிய வாயால் கேட்டாள்.

"உங்களுக்கு மிச்சம் நிறைய இருக்குது போல. பயமில்லை."

பல் சுலபமாக வரவில்லை. ஈற்றில் துண்டு துண்டாக வந்தது. விஜயலெட்சுமி பஞ்சைக் கடித்தபடி பேச முடியாமல் உட்கார்ந்திருக்க, மருத்துவர் சொன்ன அறிவுரைகளையெல்லாம் கேட்டுக்கொண்டவன் சுபாஸ்தான். காயத்தில் இரத்தம் உறைந்து நிற்கும், அதுதான் அந்தக் குழியின் மூடி. அதைக் கொப்பளித்துக் கழுவிவிடக் கூடாது. மாத்திரையை நேரத்துக்கு எடுக்க வேண்டும். தாடை இறுகும், அது வழமை.

சுபாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "டாக்டரம்மா, எங்க வீட்டுல எண்ண வைக்கணும்னு சொல்லுவாங்க. வைக்கலாங்களா?"

அவர் கோபப்படுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் கோபப்படவில்லை.

"காயத்துக்குள்ளை ஒரு எண்ணெயும் விடப்படாது. கராம்பு எண்ணெயைத் தனிய வைச்சால் சதை புண்ணாகிப் போம். ஆனா வெளியிலை பூசலாம். மூண்டாம் நாளிலை இருந்து, தேங்காயெண்ணெயிலை ரெண்டு மூண்டு கராம்பைப் போட்டுக் காய்ச்சி வடிச்சு, இளஞ்சூட்டிலை, காதுக்குக் கீழை இருந்து நாடி மட்டும் மெல்லமா நீவலாம். எண்ணெய் காயத்தை மாத்தாது. ஆனா சூடும் நீவுறதும் இறுகின தசையை இளக்கும். அமத்தக் கூடாது. ஒரு நாளைக்குப் பலதரம். நீவினாப் பிறகு வாயைத் திறந்து பழக வேணும். மூண்டு விரல் நிமிந்து உள்ளை போனால் பாட்டுப் பாடலாம்."

"மூணு விரலு" என்று சுபாஸ் தன் விரல்களைச் சேர்த்துப் பார்த்தான்.

"உங்கடை விரல் இல்லை. அவவின்ரை விரல்!"

லயத்துக்குத் திரும்பியபோது, சுபாஸின் தாய் இராக்கம்மா வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் நல்லெண்ணெய்ப் போத்தலோடு காத்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து, ஒரு தலைமுறைக் குழந்தைகளை எண்ணெய் தேய்த்து நிமிர்த்தியவள் அவள்.

"வாய நல்லாத் தொற. ஒரு வாய் ஊத்திக் கொப்பளி. எல்லாம் போயிரும்."

"போகக் கூடாதும்மா! உள்ள ரெத்தம் கட்டி நிக்கணுமாம். கொப்பளிச்சா அதுவும் போயிரும்" என்று சுபாஸ் குறுக்கே நின்றான்.

"ஒங்கப்பாவுக்குப் பல்லு புடுங்குனது ஸ்டோரு குறடு. எந்த டாக்டரம்மா வந்து ரெத்தத்தக் கட்டி வச்சாங்க?"

"அதான் அப்பா கடைசி மட்டும் கஞ்சி குடிச்சாரு."

விஜயலெட்சுமியின் கண்கள் சிரித்தன. கன்னம் சிரிக்க முடியாமல் வலித்தது. இராக்கம்மா போத்தலை மூடினாளே தவிர, அந்த எண்ணத்தை மூடவில்லை. மூன்றாம் நாள் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் மாலையில் மருமகளைத் தன் முழங்கால்களுக்கிடையே உட்காரவைத்து, குழந்தைகளின் தொடையை உருட்டும் அதே உறுதியோடு தாடையை உருட்டினாள். விஜயலெட்சுமியின் முனகல் வரிசையில் மூன்றாம் காம்பரா வரைக்கும் கேட்டது. வீக்கம் குறைவதற்குப் பதிலாகக் கழுத்துக்கு இறங்கியது. அடுத்த நாளும் அப்படியே. அவளுடைய வாயில் ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. ஒத்திகைக்கு வந்த அதிபர் அந்த ஒரு விரலைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முருகையா உடுக்கையை மடியில் சாய்த்துக்கொண்டு, "ஐயா, அந்தப் பிள்ளைக்கு முடியலைன்னா பரவாயில்ல. எங்கிட்ட பழைய கத ஒண்ணு இருக்கு. தொண்ட கம்முனாலும் ஒரு மாதிரி ஒப்பேத்திருவேன்" என்றார்.

"போட்டிக்கு முதல் நாள் பாப்பம்" என்றார் அதிபர். அவர் மறுக்கவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. விஜயலெட்சுமி எழுந்து காம்பராவுக்குள் போனாள். கங்காணியின் கடிகாரம் அவள் இரண்டு மழைக்காலங்களாகக் கொழுந்துக் கூடையைச் சுமந்தபடி, முணுமுணுத்து முணுமுணுத்துக் கட்டிய கதை. இந்தப் போட்டியில் அது பாடப்படாவிட்டால், பெண்ணை வில்லின் முன் உட்காரவைத்த சோதனை அத்தோடு முடிந்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும், சுபாஸுக்கும் தெரியும்.

மறுநாள் பகல் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். லயம் வெறிச்சோடிக் கிடந்தது. பெண்கள் மலையில், இராக்கம்மா பிள்ளைக்காம்பராவில், ஆண்கள் கவ்வாத்து வேலையில். இரவு வேலைக்காரனும் மருத்துவ லீவில் இருந்த அவன் மனைவியும்தான் அந்த வரிசையில் மிச்சம். கராம்பு வாசம் மூக்கில் ஏறி அவனை எழுப்பியது. விஜயலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து, சிறு கிண்ணத்து எண்ணெயை விரலில் தொட்டுத் தன் தாடையைத் தானே நீவிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"வலிக்குதா?"

அவள் பற்களை விலக்காமலே பேசினாள். "கையத் தூக்குனா தாடையும் சேந்து இறுகுதுங்க. நானே நீவுனா எளக மாட்டேங்குது. அத்த நீவுனா உயிரு போகுது. பக்கத்துக் காம்பரா நல்லம்மாக்கா அந்திக்குத்தான் மலையில இருந்து வருவாங்க. நாளைக்குப் பலதரம் நீவணும்னு சொன்னாங்களே, யாரு இருக்கா?"

அந்தக் கேள்விக்கு அந்தக் காம்பராவில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது பாயில் எழுந்து உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. சுபாஸ் தன் கைகளைப் பார்த்தான். ரோதையின் எண்ணெய்க் கறை நகக்கண்களில் இருந்தது. பிறகு எழுந்தான். நேரே மனைவியிடம் போகவில்லை. முதலில் வாசலுக்குப் போய், ஆளில்லாத இஸ்தோப்பை இரு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். அதன்பிறகு சவுக்காரம் போட்டு இரண்டு முறை கை கழுவினான்.

முதல் நாள் அவன் தேய்த்ததைத் தேய்த்தல் என்று சொல்ல முடியாது. கிண்ணத்தில் விரலை நனைத்து, சூடான தேநீர்க் கேத்தலைத் தொடுவதுபோலத் தாடையைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். பாதி எண்ணெய் அவளுடைய இரவிக்கையில் சொட்டியது. மீதி காதுக்குள் போனது.

"நான் என்ன ரோதையா? மெசினுக்கு ஊத்துற மாதிரி ஊத்துறீங்க" என்றாள்.

"மெசினு பேசாது. அது ஒரு வசதி."

அவள் சிரிக்கப் போய், வலித்து, அவன் கையில் ஓர் அடி வைத்தாள். ஆனால் அந்த ஒரு கணத்தில், காதுக்குக் கீழே ஏதோ ஒன்று விரலடியில் நழுவியதை அவன் உணர்ந்தான். கயிற்று முடிச்சைப்போல ஒரு சிறு கட்டி. அதை அமுக்கினால் அவள் துள்ளினாள். சுற்றி வட்டமாக நீவினால் அவளுடைய தோள் தளர்ந்தது. அவன் வட்டமாக நீவினான். கிண்ணம் ஆறியபோது அடுப்புச் சாம்பலின்மேல் வைத்துச் சூடாக்கினான். வெடித்திருந்த வாயோரத்தில் ஒரு துளி வெறும் தேங்காயெண்ணெயை வைத்தான். அன்று அந்திக்குள் ஒரு விரல் ஒன்றரை விரலாயிற்று.

இவ்வாறு ஒவ்வொரு பகலும் கதவு சாத்தப்பட்டது. லயத்தில் பகல் வேளையில் கதவு சாத்தியிருப்பது சாதாரண நிகழ்ச்சி அல்ல. சாவு வீட்டில்கூடக் கதவு திறந்தே இருக்கும். எனவே அந்த மூடிய கதவு விளக்கம் கேட்டது. விளக்கம் கிடைக்காதபோது லயம் தானே ஒன்றைத் தயாரித்துக்கொண்டது.

பக்கத்துக் காம்பரா நல்லம்மா, சுபாஸின் பெரியப்பா மகனுடைய மனைவி. எனவே அவனைக் கேலி செய்யும் உரிமை உடையவள். கொழுந்து நிறுக்க வந்த ஒரு மத்தியானத்தில், குறுக்குப் பாதையால் லயத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். உள்ளேயிருந்து, "இன்னுங் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்" என்ற விஜயலெட்சுமியின் குரலைக் கேட்டாள். தண்ணீர் குடிக்காமலே மலைக்குத் திரும்பினாள். அந்திக்குள் கீழ்க்கணக்கு முழுவதும் செய்தி பரவிவிட்டது.

மாலையில் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவனை அவள் வழிமறித்தாள்.

"கொழுந்தனாரே! ராத்திரி ஸ்டோருல ரோத ஓட்டுறீங்க, சரி. பகல்ல இங்க என்னா ஓடுது?"

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுபாஸின் காது மடல்கள் சிவந்தன. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். 'எண்ணெய் தேய்த்தேன்' என்று சொல்வதைக் கற்பனை செய்து பார்த்தான். அவர்களுடைய முகங்கள் எப்படி மாறும் என்பதையும் பார்த்தான். அதைவிட இந்தப் பழியே கௌரவமானதாக அவனுக்குப் பட்டது.

"வேல இல்லாத நேரத்துல வேற என்னா அண்ணி செய்யிறது?" என்றான்.

சிரிப்பு லயத்தின் தகரக் கூரைகளில் மோதித் திரும்பியது. "அந்தப் பொண்ணுக்கு வாய்தானடா புண்ணுன்னு சொன்னாங்க!" என்று இராக்கம்மாவே தலையில் அடித்துக்கொண்டாள். பல் பிடுங்கிய மனைவியைக்கூட விடாதவன் என்ற பெயர் அவனுக்கு ஒரே மாலையில் கிடைத்தது. ஆண்கள் மரியாதையோடு பீடி நீட்டினார்கள். கதவுக்குப் பின்னால் விஜயலெட்சுமி, ஒன்றரை விரல் வாயால் சிரிக்க முடிந்த அளவுக்குச் சிரித்தாள்.

"அவுங்ககிட்ட அப்பிடியா சொன்னீங்க?"

"பின்ன? ஒனக்கு எண்ண தேய்க்கிறேன்னு சொல்லவா?"

"அது இதவிட மோசமா?"

அவன் யோசித்தான். முடிச்சைத் தேடி நீவத் தொடங்கினான்.

போட்டிக்கு முதல் நாள் அதிபர் வந்தபோது, விஜயலெட்சுமி இஸ்தோப்பில் நின்று தன் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைத்துக் காட்டினாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, கங்காணியின் கூவலைக் கூவினாள். கீழே ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அச்சா! என்ன மருந்து பூசினீர்?" என்றார் அதிபர்.

"எண்ணங்க ஐயா."

"ஆர் பூசினது?"

விஜயலெட்சுமி கணவனைப் பார்த்தாள். சுபாஸ் குடத்தின் வாயைத் துடைப்பதில் ஆழ்ந்திருந்தான். "எல்லாம் நாந்தான். என் கை ராசி!" என்று உள்ளேயிருந்து இராக்கம்மா முந்திக்கொண்டாள். சுபாஸ் நிம்மதியாக மூச்சு விட்டான். விஜயலெட்சுமி விடவில்லை.

மறுநாள் காலை குழு தெமோதரையில் ரயிலேறியது. தோட்டத்துச் சனங்கள் லொறியில் பின்னால் வந்தார்கள். எல்ல ஸ்டேஷனைத் தாண்டியதும் மழைத் தூறலும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. அவர்களுடைய பெட்டியில் ஒரு ஜன்னலின் கண்ணாடி ஏற்கெனவே போயிருந்தது. ஆட்கூட்டத்தில் விஜயலெட்சுமிக்குக் கிடைத்த இடம் அந்த ஜன்னலோரம். ரயில் மூச்சிரைத்து மேலேறிய வழியெல்லாம், ஈரக்காற்று அவளுடைய வலக்கன்னத்தில் அறைந்தபடி வந்தது. சால்வையால் மூடிக்கொண்டாள். பண்டாரவளையில் இறங்கும்போது, "குளுருதுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லின் பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

மண்டபத்தின் மேடையில் திரைக்குப் பின்னால் வில்லை நிறுத்தி, குடத்தை வைக்கோல் பிரிமணையில் இருத்தி, எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் விசயம் வெளிவந்தது. விஜயலெட்சுமி விரலை வைத்துப் பார்த்தாள்: ஒன்று போனது, இரண்டாவது பல்லில் இடித்தது.

"ஐயோ, பழையபடி கட்டிக்கிச்சு!" என்றாள் பின்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நல்லம்மா. உடனே எட்டிப் பிடித்து அழுத்தித் தேய்த்தாள். விஜயலெட்சுமி துள்ளி அவள் கையைத் தள்ளிவிட்டாள். பக்கவாட்டிலிருந்து இராக்கம்மா ஓடிவந்து கையை வைத்தாள். விஜயலெட்சுமி அந்தக் கையையும் பிடித்து நிறுத்தினாள், தலையை ஆட்டினாள்.

முருகையா உடுக்கையைக் கீழே வைத்தார். கேலியோ வெற்றியோ இல்லாத குரலில், "ஐயா, கூப்பிடப் போறாங்க. நான் அந்தப் பழைய கதைய எடுக்கட்டா?" என்றார்.

அதிபர் விஜயலெட்சுமியைப் பார்த்தார். அவளால் பேச முடியவில்லை. இரண்டு கைகளாலும் வீசுகோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதை முருகையாவிடம் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். விரல்கள் அதை விட மறுத்தன. பிறகு ஒரு கையை விடுவித்து, மடியிலிருந்த பையிலிருந்து ஒரு சிறு மருந்துப் போத்தலை எடுத்தாள். அதை நல்லம்மாவிடம் நீட்டவில்லை. மாமியாரிடமும் நீட்டவில்லை. குடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தன் கணவனிடம் நீட்டினாள்.

எல்லோருடைய கண்களும் அந்தப் போத்தலைத் தொடர்ந்து சுபாஸிடம் போய் நின்றன. அவன் அசையவில்லை. அவனுடைய கண்கள் தன்னையறியாமல் ஒரு கதவைத் தேடின. இடப்பக்கம் ஒலிபெருக்கிக்காரர்; வலப்பக்கம் அடுத்த குழுவினர்; முன்னால் சிவப்புத் திரை. "பொறுங்க, பொறுங்க" என்று முருகையா அதிபரை நோக்கிக் கையை உயர்த்தி அசைத்தார். திரைக் கயிற்றைப் பிடித்திருந்த மனிதர் அதைத் தமக்கான சைகை என்று எடுத்துக்கொண்டார்.

திரை விலகியது.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நடுவர்கள், பின்னால், லொறியில் வந்த கீழ்க்கணக்கு முழுவதும். நடுமேடையில், வில்லின் முன்னால் உட்கார வேண்டியபடி உட்காராமல், பக்கவாட்டில் திரும்பி, கணவனிடம் ஒரு போத்தலை நீட்டியபடி விஜயலெட்சுமி. அவள் கையைப் பின்வாங்கவில்லை. நேரம் ஓடியது. கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள்.

ஒரு பொய்யை நீட்டிக்கக் கதவு வேண்டும். அது இல்லாத இடத்தில் தனக்கு இரண்டே வழிகள்தான் என்பதைச் சுபாஸ் கண்டான். போத்தலை வாங்கலாம். அல்லது தலையைக் குனிந்துகொண்டு குடத்தை அடிக்கலாம். அப்போது முருகையா பாடுவார். அவளுடைய கை தானாகக் கீழே இறங்கும். அந்தக் கை இறங்குவதைத் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் குடத்தை ஒதுக்கிவிட்டு, முழங்காலால் நகர்ந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். போத்தலை வாங்கினான். பண்டாரவளைக் குளிரில் தேங்காயெண்ணெய் வெள்ளையாய் உறைந்திருந்தது. விரலால் ஒரு கட்டியைத் தோண்டி எடுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பரபரவென்று உரசினான். அது இளகியது. கராம்பு வாசம் எழுந்து மேடையில் பரவியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அவளுடைய சால்வையை விலக்கி, காதுக்குக் கீழே இரு கைகளையும் வைத்தான்.

முன்வரிசையில் நடுவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"சுபாஸ்! என்ன செய்யிறீர்? திரை திறந்துபோச்சு!" என்று பக்கவாட்டிலிருந்து அதிபர் அடிக்குரலில் சீறினார்.

சுபாஸுக்கு அது கேட்டது. அவன் முகம் இருந்த இடத்துக்கு நேரே, பாட்டுக்காரிக்காக வைத்த மைக் இருந்தது. அதைத் தள்ளி வைக்கக் கை ஒழியவில்லை. தள்ளி வைக்கவும் தோன்றவில்லை.

"எம் பொஞ்சாதிக்கு எண்ண தேய்க்கிறேங்க ஐயா" என்றான். குரல் மண்டபத்தின் நாலு மூலையிலும் முழங்கியது. "பல்லு புடுங்குன தாட. பத்து நாளா நாந்தான் தேய்க்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க. இப்ப எளகிரும்."

வில்லுப்பாட்டில் மைக்கில் எது வந்தாலும் பின்பாட்டுக்காரர் அதை ஏற்றுக் குரல் கொடுக்க வேண்டும். பல வாரப் பழக்கம் அது. நல்லம்மாவின் வாய் அவளைக் கேளாமலே திறந்துகொண்டது.

"ஆமா! தேய்க்கிறாரு!"

அடுத்த கணம் தான் சொன்னது அவளுக்கே விளங்கியது. "அடப் பாவி கொழுந்தனாரே, கதவச் சாத்திக்கிட்டு இதத்தானா செஞ்சீங்க?" என்று அவள் கேட்டதும் மைக்கில் விழுந்தது. கீழ்க்கணக்குப் பெண்களின் பக்கத்திலிருந்து முதலில் ஒரு கீச்சுக்குரல், பிறகு இரண்டு, பிறகு மண்டபமே உடைந்தாற்போல ஒரு சிரிப்பு எழுந்தது. நடுவர்களில் ஒருவர் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். இராக்கம்மா, "கைய வட்டமாச் சுத்துறான் பாரு, எங்க படிச்சான்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள். முருகையா மெல்ல உடுக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விஜயலெட்சுமியும் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள்களால். அவளுடைய தாடை தன் உள்ளங்கைகளுக்குள் நடுங்குவதையும், அந்த முடிச்சு நழுவுவதையும், பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதையும் சுபாஸ் உணர்ந்தான். கையை எடுக்கவில்லை. போத்தலிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்து, எல்லோரும் பார்க்க உள்ளங்கையில் உரசிச் சூடாக்கி, மறுபக்கக் கன்னத்தையும் தேய்க்கத் தொடங்கினான்.